வானுக்குள் கேட்ட மூன்று காரணங்கள்

கந்தோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிரோசா என் வீட்டுக்கே வந்து கேட்டார். நிரோசாவை உங்களுக்குத் தெரியும். இந்தக் கிளிநொச்சிக் கிளைக்குப் பொறுப்பு அவர்தான். கண்டாவளை ஊர்ப் பிள்ளை.

“நான் என்னத்தைப் பிள்ளை சொல்றது? கம்பனி வானுக்குச் சாரதியா இருந்தனான். அவை படிச்சுப் பட்டம் எடுத்த ஆக்கள்” என்றேன்.

“அந்தக் கடிதக் கதையைச் சொல்லுங்கோ அண்ணை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாக் கதைக்கினம். நீங்களே சொன்னால் நல்லம்.”

“அது என்ர மானம் போன கதையெல்லே.”

“அதைத்தான் கேக்கிறன்.”

ஆகவே நான் சொல்கிறேன், அவர் ரைப் பண்ணுகிறார். நான் இழுக்கிற இடங்களை அவர் வெட்டுகிறார். வெட்டட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாது.

என் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். ஸ்கந்தபுரத்துக்கு அங்கால் காடு வெட்டிக் குடியிருந்தோம். பதினைந்து வயதில் உழவு மெசின் ஓடப் பழகினேன். பிறகு லொறி. சண்டை முடிந்த பிறகு, கண்ணிவெடி எடுக்க வந்த வெளிநாட்டுக்காரருக்கு வாகனம் ஓடினேன். எனக்கு ஆங்கிலம் வந்தது அங்கேதான். நான் முதல் முதல் விளங்கிக்கொண்ட ஆங்கிலம் ‘நில்’, ‘அசையாதே’, ‘நான் கால் வைத்த இடத்தில் கால் வை’ என்பவைதான். அப்படிச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் மொழி வரும். நாலைந்து வருடத்தில் அவர்கள் கதைப்பது முக்கால்வாசி விளங்கியது. ஆனால் வாயைத் திறந்து கதைக்க வெட்கம். ஒரு நாளும் கதைத்ததில்லை. அதனால் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அதில் ஒரு பிழையும் இருப்பதாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கம்பனியில் சேர்ந்த அன்று என் மனுசி கேட்டாள், “உவை என்ன வேலை செய்யினம்?”

“பெரிய பெரிய கம்பனியளுக்குப் புத்தி சொல்லினம். எந்த வேலையைச் செய்யிறது, எந்த வேலையை விடுறது, எந்த நாட்டில கால் வைக்கிறது எண்டு.”

“சொல்லிப்போட்டு?”

“சொல்லிப்போட்டு அதுக்குத் தேவையான கம்பியூட்டர் வேலையை இஞ்ச இருந்து எங்கட பெடியள் செய்து குடுக்கினம்.”

“அப்ப உவைக்கு ஆர் புத்தி சொல்றது?”

நான் சோற்றைப் போடச் சொன்னேன்.

தலைமை என்று சொல்வது மூன்று பேரை. தலைவியை நாங்கள் மிஸ் என்போம். ஸ்கந்தபுரத்தில் பிறந்து ஒன்பது வயதில் கனடா போனவர். அவருடைய தமிழ் அந்த ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டது. பெரிய பெரிய ஆட்களை மேசைக்கு முன்னால் இருத்திக் கேள்வி கேட்கிற மனுசி, வானில் ஏறியதும் “அண்ணை, எனக்குத் தண்ணி விடாய்க்குது” என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொல்வார். இரண்டாமவர் இலண்டன்காரர். கம்பியூட்டர்ப் பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. உயரமான ஆள், அதனால் நெட்டையர் என்று பெயர் வைத்திருந்தோம். வானில் ஏறும்போதெல்லாம் தலையை அடித்துக்கொள்வார். அடித்துவிட்டு வானிடம் மன்னிப்புக் கேட்பார். மூன்றாமவர் சிங்கப்பூர்ச் சீனர். எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்று யோசிப்பது அவருடைய வேலை. அந்த நாட்களில் சிரித்து நான் கண்டதில்லை.

மூவரும் மூன்று நாட்டில் இருப்பதால் வழக்கமாகத் தொலைபேசியில்தான் கூட்டம். ஒருவர் காலைக் கோப்பியோடு இருப்பார், மற்றவர் கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பார். அதனால் பாரமான விசயங்களை நேரில் சந்திக்கும்போதுதான் கதைப்பார்கள். அதுவும் கந்தோரில் இல்லை, வானில். வானுக்குள் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். சாரதிக்கும் ஆங்கிலம் தெரியாது. அப்படித்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

நான் சேர்ந்த முதல் மூன்று வருடத்தில் அவர்கள் ஒருவராகவோ இருவராகவோதான் வந்து போனார்கள். மூவரும் ஒன்றாக என் வானில் ஏறியது நான் சொல்லப்போகிற அந்தத் தடவைதான் முதல்.

அவர்கள் வந்த கொழும்பு ரெயின் வவுனியா வரைக்கும்தான். அந்த ஸ்டேசனில் அவர்களை ஏற்றினேன். மாங்குளம் சந்தியில் தேத்தண்ணி குடித்தோம். திரும்ப ஏறியதும் நெட்டையர் தன்னுடைய தொப்பியைக் கழற்றி மூன்று துண்டுக் கடதாசியை மடித்து அதற்குள் போட்டுக் குலுக்கினார். ஆளுக்கொன்று எடுத்தார்கள். மிஸ் தன்னுடைய துண்டை விரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பொழுதுபோக்கு விளையாட்டாக்கும் என்று நான் வானை எடுத்தேன்.

பிறகு மிஸ் ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார். கிளிநொச்சிக் கந்தோரை மூட வேண்டும், வேலை முழுவதையும் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அதற்கு மூன்று காரணம் சொன்னார்.

முதலாவது, வேலை கொடுக்கிறவர்கள் வந்து பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டாவது, மாரி மழைக்கு இன்ரநெற் லைன் அறுந்தால் இங்கே எல்லாம் நின்றுபோகிறது, அங்கே கனடாவில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் மற்ற இருவரும் ஏதேதோ பதில் சொன்னார்கள். வருகிறவர்கள் குறைவு, மாற்று லைன் ஒன்று எடுக்கலாம் என்று. மிஸ் விடவில்லை. மூன்றாவதைச் சொன்னார்.

“அது கந்தோர் இல்லை, பஸ் நிலையம். இரண்டு வருடம் பழக்குகிறோம். பஸ் வந்ததும் ஏறிவிடுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒருவரும் நிற்கப் போவதில்லை. கொழும்பிலிருந்து ஒரு அழைப்பு வந்தால் போதும். நிற்பார்கள் என்று காட்டுங்கள் பார்ப்போம்.”

அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. சிங்கப்பூரார் நாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நாளைக் காலை பத்து மணிக்குக் கந்தோரில் இருந்து முடிவெடுப்போம் என்றார்கள்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, தன்னுடைய ஊர்ப் பிள்ளைகள் நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தை மூடச் சொல்லி ஆணி அடித்த மாதிரி அடிக்கிறாரே என்று. கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. அந்தக் கோபத்தில் நான் இரண்டாம் கியரிலேயே கொஞ்சத் தூரம் ஓடினேன்.

அவர்களைத் தங்குமிடத்தில் இறக்கிவிட்டு, பின்னேரம் வானைக் கந்தோரில் விட வந்தேன். வாசலில் சுகந்தன் நின்றான். மாங்குளத்துப் பெடியன், கம்பியூட்டர் வேலையில் கெட்டிக்காரன். அந்தக் காலத்தில் பெரிய வேலை ஒன்றை ஏழு பேர் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஏழு பேருக்கும் அவன்தான் முன்னுக்கு நின்றவன்.

“என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? நெட்டையர் வான் கூரையை உடைச்சிட்டாரோ?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாத முகம் இல்லையே இது.”

நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அல்லது மிஸ்ஸிடமே போய்க் கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

“வேற வேலை பாக்கிற யோசினை இருந்தால் இப்பவே பாருங்கோ தம்பி” என்றேன்.

அவனுடைய முகத்திலிருந்து பகிடி போய்விட்டது. “ஆர் சொன்னது?”

“ஆர் சொன்னால் என்ன. நாளைக்குப் பத்து மணிக்கு முடிவெடுக்கினம். மூடுறதுக்கு.”

அவ்வளவுதான் நான் சொன்னது. சொல்லிவிட்டு ஏதோ நன்மை செய்த ஆளைப் போல வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் நெட்டையர் குளக்கட்டில் நடக்கப் போக வேண்டுமென்று கேட்டிருந்தார். கொண்டுபோய் நடக்க விட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும்போது அவருக்குத் தொலைபேசி வந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகள். அவர் பின்னால் இருந்து கதைக்க, நான் முன்னால் இருந்து கேட்டேன். கேட்கக்கூடாது என்ற எண்ணம் அப்போதும் எனக்கு வரவில்லை.

“நேற்றுச் சீட்டு அவளுக்கு விழுந்துவிட்டது, பாவம்” என்று மகளிடம் சொன்னார். “எங்களுடைய முறை உனக்குத் தெரியும்தானே. பெரிய முடிவு எடுக்கும் முன்னால் சீட்டு விழுந்தவர் எதிர்ப்பக்கம் நின்று முழுப் பலத்தோடும் கதைக்க வேண்டும். மனத்தில் என்ன இருந்தாலும் சரி. அவள் தன்னுடைய சொந்த ஊர்க் கந்தோரை மூடச் சொல்லிக் கதைக்க வேண்டி வந்தது. கதைத்த பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை.”

மகள் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“இல்லை, எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் மூட விருப்பமில்லை” என்றார். “ஆனால் அவள் சொன்ன மூன்றாவது காரணத்துக்குப் பதில் வேண்டும். பதில் இல்லாவிட்டால் விருப்பத்துக்காக நடத்த முடியாது. மற்றக் கம்பனிகளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறோம்.”

ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோசம். ஊர்ப் பிள்ளையைப் பிழையாக நினைத்துவிட்டேனே என்று வெட்கமும் வந்தது. மூடப் போவதில்லை, பதில் ஒன்று தேடினால் போதும். அதற்குப் பிறகுதான் நான் முதல் நாள் சுகந்தனிடம் சொன்னது ஞாபகம் வந்தது. பரவாயில்லை, போனவுடன் அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் வேகமாக ஓடினேன்.

நெட்டையரை இறக்கிவிட்டுக் கந்தோருக்குப் போகும்போது எட்டரை மணி. நிரோசா தன்னுடைய மேசையில் இருந்தார். முன்னால் ஏழு கடிதங்கள். விலகல் கடிதங்கள். ஏழும் ஒரே கடிதம்தான், கீழே பெயர்தான் வேறு. அந்தப் பெரிய வேலையைச் செய்துகொண்டிருந்த ஏழு பேருடையதும்.

“கதவைத் திறக்கிறன், கதவுக்குக் கீழ கிடக்கு” என்றார். அழுத கண். “கொழும்பில ஒரு கம்பனி கன நாளா இவையைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தரும் போகேல்லை. இப்ப ஒரே மூச்சில ஏழு பேரும். அண்ணை, மிஸ் நேற்று வந்து இறங்கினவுடன போனில என்னட்டைக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ? பெடியள் நிப்பினமோ எண்டு. நான் ஓம் எண்டு சொன்னனான்.”

மிஸ்ஸின் மூன்றாவது காரணத்துக்கு என்னுடைய வாயால் ஏழு சாட்சி பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நேரே சுகந்தனிடம் போனேன். அவன் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

“தம்பி, நேற்று நான் சொன்னது சும்மா. பகிடிக்குச் சொன்னனான். கடிதத்தை எடுங்கோ.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “நீங்கள் பகிடி விடுற ஆள் இல்லை அண்ணை.”

“ஏன், எனக்குப் பகிடி வராதோ?”

“மூண்டு வருசத்தில ஒண்டும் வரேல்லை.” பிறகு குரலைத் தணித்தான். “உங்களை ஆராவது வெருட்டினவையோ? சொல்லுங்கோ. நாங்கள் ஏழு பேரும் வந்து கதைக்கிறம்.”

பாருங்கள், பொய் சொல்லாத ஆள் என்று ஒரு பெயர் எடுத்துவிட்டால் அவசரத்துக்கு ஒரு பொய்யும் எடுபடாது. நான் இன்னும் நின்றால் ஏழு கடிதம் பத்தாகிவிடும் என்று பயந்து திரும்பி வந்தேன்.

நிரோசாவிடம் உண்மையைச் சொன்னேன். வானில் கேட்டது, வாசலில் சொன்னது, காலையில் கேட்டது, எல்லாம்.

“உங்களுக்கு இங்கிலீஸ் விளங்குமோ?”

“முக்கால்வாசி.”

“போன மாசம் நான் போனில உங்களைப் பற்றி ஒண்டு சொன்னனானே, அதுவும் விளங்கினதோ?”

“ஆமை மாதிரி ஓடுறன் எண்டதோ? ஓம்.”

இன்னொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அவர் எழும்பிக் கடிதங்களை அடுக்கி எடுத்து மேசை லாச்சியைத் திறந்து உள்ளே வைத்தார். “பின்னேரம் ரெயினுக்குப் போயிடுவினம். அதுவரைக்கும் இது இதுக்குள்ள கிடக்கட்டும். அவை போன பிறகு பிள்ளையளோட நான் கதைக்கிறன்.”

“ஓம், வையுங்கோ பிள்ளை” என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. பிரச்சினை ஒரு பலகைக்கு அங்கால் போய்விட்டது.

அவர் லாச்சியைப் பூட்டினார். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பப் பூட்டைத் திறந்தார்.

“ஏலாது அண்ணை. பத்து மணிக்கு மிஸ் திரும்பவும் அதே கேள்வியைக் கேப்பா. லாச்சிக்குள்ள ஏழு கடிதத்தை வைச்சுக்கொண்டு நான் ஓம் எண்டு சொல்லோணும். நான் சொல்றதை நம்பித்தான் அவை இந்த இடத்தை விட்டிட்டுப் போயினம். அது போனால் பிறகு இந்தக் கந்தோர் திறந்து கிடந்தென்ன, பூட்டிக் கிடந்தென்ன.”

“அப்ப என்ன செய்யப் போறீங்கள்?”

“கடிதத்தை மேசையில வைப்பன். எப்பிடி வந்தது எண்டு எனக்குத் தெரியாது எண்டு சொல்ல மாட்டன். ஆனால் உங்கட பேரை நான் சொல்ல மாட்டன். அது உங்கட விசயம்.”

அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை.

நான் வெளியே வந்து வானுக்குள் ஏறி இருந்தேன். பத்து மணிக்குப் பத்து நிமிடம். என்னுடைய யோசினை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த வயதில் வேறு எங்கே வாகனம் ஓடப் போவது என்று யோசித்தேன். வானில் கேட்டதை வெளியே சொன்ன சாரதியை வன்னியில் யார் எடுப்பார்கள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சுகந்தன் காட்டிக்கொடுக்க மாட்டான், நிரோசா சொல்ல மாட்டார். நான் பேசாமல் இருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்தால் அந்த ஏழு கடிதமும் பிள்ளைகள் தாமாக எழுதிய கடிதமாகவே இருக்கும். மிஸ் வென்றுவிடுவார். வெல்ல விருப்பமில்லாமலே வென்றுவிடுவார்.

வான் திறப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மூவரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். நிரோசா நின்றுகொண்டிருந்தார். கடிதங்கள் நடுவில் கிடந்தன. நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் வான் திறப்பைக் கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“என்ன அண்ணை?” என்றார் மிஸ்.

“இந்தக் கடிதம் என்னால வந்தது மிஸ். கந்தோரைப் பூட்டப் போகினம் எண்டு நான்தான் சுகந்தனுக்குச் சொன்னனான். பெடியளில பிழையில்லை.”

மிஸ் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சிங்கப்பூரார் தலையை ஆட்டினார். “இவருக்கு ஆங்கிலம் தெரியாதே, எப்படிச் சொல்லியிருப்பார்? பிள்ளைகளைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போடுகிறார்” என்றார் ஆங்கிலத்தில்.

மிஸ் அதை எனக்குத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். நான் காத்திருக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆங்கிலத்தில் கதைத்தேன். அரையும் குறையுமாகத்தான் வந்தது. ஒன்று, வருகிற ஆட்களுக்குத் தூரம். இரண்டு, மழைக்கு லைன் இல்லை. மூன்று, பஸ் நிலையம். மிஸ் சொன்ன வரிசையிலேயே மூன்று காரணத்தையும் சொன்னேன்.

நெட்டையர் மெதுவாகத் தன் தொப்பியை மடியில் இருந்து மேசைக்கு எடுத்து வைத்தார்.

“எவ்வளவு காலமா விளங்குது?” என்று மிஸ் கேட்டார்.

“முதல் நாளிலயிருந்து மிஸ்.”

“எல்லாமோ?”

“முக்கால்வாசி.”

“கண்டாவளை ரோட்டில நீங்கள் கிடங்கு தேடித் தேடி விழுத்துறீங்கள் எண்டு இவர் சொன்னது?” என்று சிங்கப்பூராரைக் காட்டினார்.

“அது விளங்கினது.”

மிஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் சிங்கப்பூராருக்கு எப்படியோ விளங்கியிருக்க வேண்டும். காது சிவந்துபோனது.

மிஸ் சிரிக்கவில்லை. “ஏன் அண்ணை என்னட்டை வந்து கேக்கேல்லை?” என்றார். அந்த ஒன்பது வயதுத் தமிழில் அதைக் கேட்டபோது எனக்கு ஏச்சு வாங்கியதைவிட நொந்தது.

“நீங்கள் சொன்னதை நான் நம்பிட்டன் மிஸ். அப்பிடிச் சொன்னீங்கள்.”

“நம்பத்தான் சொன்னனான். எனக்கே பயமா இருந்தது.” அவர் கடிதங்களைப் பார்த்தார். “இண்டைக்குக் காலமை இதைக் கண்டோடன நான் சொன்னதுதான் உண்மை எண்டு நினைச்சனான்.”

சிங்கப்பூரார் அப்போதும் விடவில்லை. அவரை நான் பிழை சொல்ல மாட்டேன். அவருடைய வேலை அது. “பயத்தில் எழுதினார்கள் என்று இவர் சொல்கிறார். சரி. ஆனால் பயம் இல்லாவிட்டால் நிற்பார்கள் என்று யார் சொன்னது? இவர் சொன்னதை வைத்து முடிவெடுக்க முடியாது” என்றார்.

அதற்குப் பிறகு மிஸ் செய்த காரியத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஏழு பேரையும் உள்ளே கூப்பிட்டார். கந்தோரை மூட மாட்டோம் என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் ஏழு பேரும் அந்த இடத்திலேயே கடிதத்தைக் கிழித்திருப்பார்கள். அவர் கொடுக்கவில்லை.

“பூட்டுறதெண்டு நாங்கள் முடிவெடுக்கேல்லை. திறந்து வைக்கிறதெண்டும் முடிவெடுக்கேல்லை” என்றார். “நேற்று வானில நான் எதிர்ப்பக்கம் நிண்டு கதைச்சது அண்ணையின்ர காதில விழுந்திட்டுது. நீங்கள் கொழும்புக்குப் போறதெண்டால் போகலாம், நான் கோவிக்க மாட்டன். உங்கட கடிதம் இந்தா இதில கிடக்கு. எடுக்கிறதெண்டால் எடுங்கோ, விடுறதெண்டால் விடுங்கோ. நாங்கள் வெளியில போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறம். ஆர் எடுத்தது, ஆர் எடுக்கேல்லை எண்டு நாங்கள் பாத்துக்கொண்டு நிக்க மாட்டம்.”

சுகந்தன் என்னைப் பார்த்தான். “அப்ப பகிடி இல்லைத்தான்” என்றான் மெல்ல.

எல்லாரும் வெளியே வந்தோம். வான் நிழலில் நின்றோம். ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. நெட்டையர் மட்டும் கையில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஆறவிட்டுக்கொண்டிருந்தார். நிரோசா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். ரோட்டில் நெல்லு மூட்டை ஏற்றிய உழவு மெசின் ஒன்று போனது. அது கண்ணுக்கு மறையும் வரைக்கும் ஐந்து பேரும் அதையே பார்த்தோம். அந்தக் கால்மணித்தியாலம் கண்ணிவெடிக்காரரோடு காட்டுக்குள் நின்ற நேரத்தைவிட நீளமாக இருந்தது.

உள்ளே போனோம். அறையில் யாரும் இல்லை. மேசையில் என்னுடைய வான் திறப்பும் ஒரு கடிதமும் கிடந்தன.

ஒன்று.

ஏழும் போயிருந்தால்தானே நல்லது. ஒன்று கிடக்கிறதே. நிரோசா எடுத்துப் பார்த்தார். “தர்சினி” என்றார். “அவாக்குக் கலியாணம் முற்றாக்கியாச்சு. மாப்பிள்ளை கொழும்பில. கன நாளா எனக்குச் சொல்ல விருப்பம், சொல்லப் பயம். எனக்குத் தெரியும்.” பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார்.

சிங்கப்பூரார் கடிதத்தைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை. “ஏழையும் எடுத்திருந்தால் யாரோ எடுக்கச் சொன்னார்கள் என்று நினைத்திருப்பேன். இந்தப் பெண் தன்னுடைய காரணத்துக்காகப் போகிறாள். அப்படியானால் மற்ற ஆறு பேரும் தங்களுடைய காரணத்துக்காகத்தான் நிற்கிறார்கள்” என்றார். சொல்லிவிட்டு மிஸ்ஸைப் பார்த்தார். “உங்கள் மூன்றாவது காரணத்துக்கு என்னுடைய பதில் இதுதான். ஏதாவது சொல்ல இருக்கிறதா?”

மிஸ் கதிரையில் சாய்ந்தார். “இல்லை. நான் தோற்றுவிட்டேன்” என்றார். தோற்றதற்கு அவ்வளவு சந்தோசப்பட்ட ஒரு மனுசியை நான் கண்டதில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எடுத்தபோது முகம் நனைந்திருந்தது. “அண்ணை, பசிக்குது” என்றார்.

அவ்வளவுதான் முடிவு. அந்தக் கந்தோரில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். தர்சினி கொழும்பில் நன்றாக இருக்கிறார். கலியாணத்துக்கு எல்லாரும் என் வானில்தான் போனோம்.

என்னை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். “செய்தது பெரிய பிழை அண்ணை. வந்து சொன்னபடியால்தான் இதைச் செய்யிறன்” என்று வான் திறப்பை நீட்டினார். “இனிமேல் ஆர் புதுசா வானில ஏறினாலும் முதல் வேலையா, உங்களுக்கு இங்கிலீஸ் விளங்கும் எண்டு அவையிட்டைச் சொல்லிப்போடோணும்.” அதற்குப் பிறகு வேலையை விடும்வரை அதைச் சொல்லாமல் நான் யாரையும் ஏற்றியதில்லை.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். வாகனம் ஓடுகிறவர்களுக்கு மட்டுமில்லை. உங்களுக்கு எது விளங்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு கதை காதில் விழுந்து நெஞ்சு கொதித்தால், கதைத்த ஆளிடமே போய்க் கேளுங்கள். முழுக்கதைக்கு நான் கேட்டது முக்கால்வாசி. மிச்சத்தை என் கோபம் நிரப்பியது. இன்னொன்று, நிரோசா லாச்சியைத் திரும்பத் திறந்தாரே, அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இதை ரைப் பண்ண மாட்டேன் என்கிறார். பண்ணுங்கோ பிள்ளை.

அன்று பின்னேரம் மூவரையும் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் புறப்பட்டேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்தேன். வழக்கமாக ஒன்று, அன்று இரண்டு. திரும்ப வானை எடுத்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாகக் கதைத்துக்கொண்டு வருகிறவர்கள் மூவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சத் தூரம் போக, சிங்கப்பூரார் குனிந்து நெட்டையரின் காதுக்குள் ஏதோ குசுகுசுத்தார்.

பின்னால் இருந்து மிஸ் சொன்னார், “சத்தமாக் கதைக்கச் சொல்லுங்கோ அண்ணை. உங்களுக்கு முன்னுக்குக் கேக்காதெல்லே.”

நான் கண்ணாடியில் சிங்கப்பூராரைப் பார்த்து, “கொஞ்சம் சத்தமாக” என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். நெட்டையரும் சிரித்துத் தலையைக் கூரையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வவுனியா வரும்வரைக்கும் மூவரும் பழையபடி கதைத்துக்கொண்டு வந்தார்கள், ஒரு பயமும் இல்லாமல், நல்ல சத்தமாக.

என்ன கதைத்தார்கள் என்று நிரோசா இப்போது கேட்கிறார். சொல்ல மாட்டேன்.